தலைக்கு விலை வைத்த ஆட்டம்

அமெரிக்காவின் தேசிய கால்பந்து லீக் 2012 மார்ச் 2 அன்று வெளியிட்ட அறிக்கையில் ஒரு விலைப்பட்டியல் இருந்தது. எதிரணிக்காரரை அன்றைய ஆட்டத்துக்குத் திரும்பி வர முடியாதபடி அடித்து வெளியேற்றினால் 1,500 டாலர். மைதானத்திலிருந்து அவரைத் தூக்கிக்கொண்டு போகும்படி செய்தால் 1,000 டாலர். கோப்பைக்கான கடைசிக்கட்ட ஆட்டங்களில் தொகை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியின் தற்காப்பு ஆட்டக்காரர்கள் 22 முதல் 27 பேர்வரை, 2009 தொடங்கி மூன்று பருவங்கள் இந்த ஏற்பாட்டில் இருந்தார்கள் என்றது லீக். பணத்தில் பெரும்பகுதியைப் போட்டவர்களும் அவர்களே. கணக்கை நடத்தியவர் அணியின் தற்காப்புப் பயிற்சியாளர் கிரெக் வில்லியம்ஸ். அந்த மூன்று பருவங்களில் முதலாவதில்தான் செயின்ட்ஸ் தன் வரலாற்றில் முதல்முறையாக லீக்கின் இறுதிக் கோப்பையான சூப்பர் பவுலை வென்றது.

இதில் கவனிக்க வேண்டியது தொகையின் அளவு. அந்த லீக்கில் அப்போது புதிதாகச் சேரும் ஆட்டக்காரருக்கே குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு மூன்று லட்சம் டாலருக்கு மேல். அப்படிப்பட்டவருக்கு 1,500 டாலர் ஒரு நல்ல விருந்துக்கு ஆகும் செலவு. ஆகவே கூலிக்கு ஆள் அடிப்பதாக இதைப் புரிந்துகொண்டால் பிழை. சக ஆட்டக்காரர்கள் முன்னால் பண உறையைக் கையில் வாங்குவதுதான் விஷயம். பதக்கத்துக்குப் பதிலாக ரொக்கம், அவ்வளவே. எதிராளியின் முறிந்த எலும்புக்கு ஒரு அணி தனக்குள் மரியாதை செய்துகொண்டது என்பதே இந்த விவகாரத்தின் சாரம்.

தொழில்முறைக் கால்பந்தில் எதிராளியை வேண்டுமென்றே காயப்படுத்தலாமா என்று கேட்டால், கூடாது என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள். செயின்ட்ஸ் அணியின் ஆட்டக்காரர்களும் சொல்வார்கள். கேள்வி அங்கே முடிவதில்லை. எது ‘வேண்டுமென்றே’, எது ஆட்டத்தின் கடுமை, பார்த்துக்கொண்டிருக்கும் நடுவருக்கு அது எப்படித் தெரியும், தெரிந்தபின் யாரைத் தண்டிப்பது என்ற நான்கு இடங்களிலும் கருத்துகள் பிரிந்துவிடுகின்றன. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தில் மோதல்தான் வேலையே. பந்தோடு வருபவனை உடலால் இடித்துச் சாய்ப்பது விதி. நமக்குப் பழக்கமான, காலால் உதைத்து ஆடும் கால்பந்தில் உடல் உராய்வு ஓரளவே அனுமதி. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்ப்பதில் ஒரு பயன் இருக்கிறது. வன்முறை அனுமதிக்கப்பட்ட ஆட்டத்திலும் ஒரு கோடு இருக்குமானால், அந்தக் கோடு எதனால் ஆனது என்பது தெளிவாகும்.

காயத்தின் கொடூரத்தை வைத்து நோக்கத்தை முடிவு செய்யும் பழக்கத்தை முதலில் ஒதுக்கிவிட வேண்டும். 2008 பிப்ரவரி 23 அன்று பர்மிங்காம் மைதானத்தில் ஆட்டம் தொடங்கி மூன்றே நிமிடத்தில் ஆர்சனல் அணியின் எட்வர்டோவின் கால் முறிந்தது. கணுக்கால் பிசகித் தொங்கிய அந்தக் காட்சியைத் திரும்பக் காட்ட தொலைக்காட்சியே தயங்கியது. இடித்த மார்ட்டின் டெய்லர் இனி ஆடவே கூடாது என்று கொதித்த ஆர்சனல் பயிற்சியாளர் ஆர்சன் வெங்கர், அன்று மாலையே தன் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். டெய்லர் ஒரு கணம் தாமதமாக வந்தார். நடந்தது அதுதான். மூன்று ஆட்டத் தடையோடு விஷயம் முடிந்தது. எட்வர்டோ திரும்பிவர ஏறக்குறைய ஓராண்டு ஆயிற்று.

இதற்கு நேர் எதிராக ராய் கீன். 1997 செப்டம்பரில் லீட்ஸ் மைதானத்தில் அந்த அணியின் ஆல்ஃபி ஹாலண்டைத் தடுக்கப் போன மான்செஸ்டர் யுனைடெட்டின் கீனுக்கு முழங்கால் தசைநார் அறுந்தது. கீழே கிடந்தவரின் தலைமாட்டில் நின்று, நடிக்கிறாய் என்று கத்தினார் ஹாலண்ட். (இன்று மான்செஸ்டர் சிட்டிக்குக் கோல்களைக் குவிக்கும் எர்லிங் ஹாலண்டின் தந்தைதான் இவர்.) 2001 ஏப்ரல் 21 அன்று ஓல்ட் டிராஃபோர்டில் இருவரும் எதிரெதிரே ஆடியபோது, கீன் பந்தை விட்டுவிட்டு ஹாலண்டின் வலது முழங்காலுக்கு நேராகக் காலை நீட்டினார். சிவப்பு அட்டை, மூன்று ஆட்டத் தடை, 5,000 பவுண்ட் அபராதம். அடுத்த ஆண்டு வெளிவந்த தன்வரலாற்றில், அந்த அடிக்காக நெடுநாள் காத்திருந்ததாக அவர் பெயரில் அச்சானது. உடனே இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் விழித்துக்கொண்டு மறுபடி விசாரித்தது. இந்தமுறை ஐந்து ஆட்டத் தடை, 150,000 பவுண்ட் அபராதம்.

அடித்ததற்கு ஐந்தாயிரம், எழுதியதற்கு ஒன்றரை லட்சம். சங்கம் சுமத்திய குற்றச்சாட்டுகளில் ஒன்று, அந்தச் செயலை எழுதிக் காசு பார்த்தது என்பது. நூலை எழுதித் தந்த ஈமன் டன்ஃபி, வார்த்தைகளில் தன் கைச்சரக்கும் கலந்திருப்பதாக விசாரணையில் சொல்லிப் பார்த்தார்; எடுபடவில்லை. பின்னாளில் கீன் கொடுத்த விளக்கம் வேறு வகையானது: அவருக்கு வலிக்க வேண்டும் என்று நினைத்தேன், அவர் ஆட முடியாமல் போகவேண்டும் என்று நினைக்கவில்லை. இது வழக்கறிஞர் தந்திரம்போலத் தோன்றலாம். ஆனால் தொழில்முறை ஆட்டக்காரர்களிடம் பேசினால் இந்த வேறுபாட்டை அவர்கள் மனதார நம்புவது தெரியும். வலி ஆட்டத்தோடு போய்விடும். காயம் வீட்டுக்கு வரும், ஒப்பந்தத்தைத் தின்னும், சிலசமயம் சாகும்வரை கூடவே இருக்கும். முதலாவதைக் கொடுத்து வாங்குவது தொழில். இரண்டாவதைத் தேடிப் போவது இழிவு.

இந்த வேறுபாட்டில் நியாயம் இருக்கிறது, ஆனால் பாதிதான். முழங்காலைக் குறிபார்த்து முழு வேகத்தில் செலுத்திய காலுக்கு, வலியோடு நின்றுவிடு என்று கட்டளையிட எவராலும் முடியாது. ஹாலண்ட் அன்று எழுந்து ஆட்டத்தை முடித்தார், நான்கு நாள் கழித்து நார்வேக்கும் ஆடினார். அவருடைய ஆட்ட வாழ்வை முடித்தது ஏற்கெனவே பழுதாயிருந்த இடது முழங்கால். அது கீனின் அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நற்பண்புக் கணக்கில் வரவு வைக்க முடியாது.

கால்பந்தின் சட்டப்புத்தகம் இந்தத் தலைவலியிலிருந்து ஒதுங்கிக்கொள்ள ஒரு வழி கண்டது. பன்னிரண்டாம் விதி இன்று நடுவரிடம் மனத்தைப் படிக்கச் சொல்வதில்லை. அசட்டையாக ஆடினாரா, எதிராளிக்கு நேரும் ஆபத்தைப் பொருட்படுத்தாமல் ஆடினாரா, தேவைக்கு மீறிய பலத்தைப் பிரயோகித்தாரா என்று மட்டும் பார்க்கச் சொல்கிறது. எதிராளியின் பாதுகாப்புக்கு ஆபத்து விளைவித்தால் சிவப்பு அட்டை, மனத்தில் என்ன இருந்தாலும் சரி. நடுவர் ஞானி அல்லவே. 1982 உலகக் கோப்பை அரையிறுதியில் செவில் நகரில் மேற்கு ஜெர்மனியின் கோல்காவலர் ஹரால்ட் ஷூமாக்கர், பாய்ந்து வந்த பிரான்சின் பாத்ரிக் பத்திஸ்தோனை இடுப்பாலும் கையாலும் மோதிச் சாய்த்தபோது, நடுவர் கொடுத்தது கோல் கிக். அட்டையும் இல்லை, ஃப்ரீ கிக்கும் இல்லை. பத்திஸ்தோன் பல் உடைந்து, முதுகெலும்பில் அடிபட்டு நினைவிழந்து கிடந்தார். பல்லுக்கு உறை போடும் செலவைத் தானே தருவதாக ஆட்டம் முடிந்தபின் ஷூமாக்கர் சொன்னது பிரெஞ்சுக்காரர்களை மேலும் கொதிக்க வைத்தது. தொலைக்காட்சியில் உலகமே பார்த்ததை நடுவர் மட்டும் பார்க்கவில்லை.

அட்டைகள் வந்த கதையிலும் இதுவே அடியோட்டம். 1966 உலகக் கோப்பையில் பல்கேரியரும் போர்த்துகீசியரும் பெலேவை மாறிமாறி உதைத்தார்கள். மாற்று ஆட்டக்காரரை இறக்க அன்று விதி இல்லை. நொண்டியபடியே ஆட்டத்தை முடித்த பெலேயோடு பிரேசிலும் முதல் சுற்றிலேயே வெளியேறியது. மஞ்சள், சிவப்பு அட்டைகள் 1970இல் மெக்சிகோவில் அறிமுகமாயின. பின்னாலிருந்து வந்து காலை வாருவதற்கு எதிரான கடுமை 1998இல்தான் வந்தது. கணுக்கால் சிதைந்து நெதர்லாந்தின் மார்கோ வான் பாஸ்டன் ஓய்வை அறிவித்து அப்போது மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஆபத்தை அளக்கும் விதி நடுவருக்குப் போதும். ஆனால் நீதி கேட்பவருக்கு அது போதாது. டெய்லரின் தாமதமான காலும் கீனின் காத்திருந்த காலும் அந்த விதியின் முன் ஒன்றே. உண்மையில் அவை ஒன்றல்ல என்பது குழந்தைக்கும் தெரியும்.

காயம் தேடுவதை நியாயப்படுத்தும் வாதங்களில் வலுவானது சம்மத வாதம். களத்தில் இறங்குபவன் என்ன நடக்கும் என்று தெரிந்துதான் இறங்குகிறான், அதற்குத்தான் கொட்டிக் கொடுக்கிறார்கள் என்பது அதன் சுருக்கம். இந்த வாதம் அமெரிக்க நீதிமன்றத்தில் ஒருமுறை வென்றும் இருக்கிறது. 1973இல் டென்வரில் நடந்த ஓர் ஆட்டத்தில், தன் அணியின் பந்து எதிரணியிடம் போன எரிச்சலில் சின்சினாட்டி பெங்கால்ஸின் சார்லஸ் கிளார்க், மண்டியிட்டிருந்த டேல் ஹேக்பார்ட்டின் பிடரியில் முன்கையால் ஓங்கி அடித்தார். நடுவர்கள் கவனிக்கவில்லை. கழுத்தெலும்பு முறிந்திருப்பது பிறகுதான் தெரிந்தது. வழக்கை விசாரித்த நீதிமன்றம், தொழில்முறைக் கால்பந்தே வன்முறையால் ஆனது, அதில் சட்டம் நுழைந்து என்ன செய்ய என்று 1977இல் கைவிரித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1979இல் அதைப் புரட்டிப்போட்டது. பிடரியில் அடிக்கக் கூடாது என்று ஆட்டத்தின் விதியே சொல்லும்போது, அந்த அடிக்கு ஆட்டக்காரர் சம்மதித்தார் என்று எப்படிச் சொல்ல முடியும் என்று கேட்டது.

எனக்கு அந்தக் கேள்வியில் முழு விடையும் இருப்பதாகவே படுகிறது. சம்மதம் என்பது ஒரு பட்டியலுக்குக் கொடுக்கப்படுவது. விதிக்குட்பட்ட மோதல், அதன் விளைவாக வரக்கூடிய முறிவு, ஓரளவு தப்பாட்டம், எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. எதிராளி என் முழங்காலைத் தன் இலக்காக வைத்து வருவது அதில் இல்லை. சம்பளம் அதிகம் என்பதால் பட்டியல் நீண்டுவிடாது.

ஆனால் விதிக்குட்பட்ட அடியே நாசம் செய்தால்? இந்த இடத்தில்தான் எல்லா வாதமும் தடுமாறுகிறது. 1978 ஆகஸ்ட் 12 அன்று ஓக்லாந்தில் ஒரு பயிற்சி ஆட்டம்; வெற்றி தோல்விக்கு மதிப்பே இல்லாத ஆட்டம். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸின் டாரில் ஸ்டிங்லி, கைக்கு எட்டாத பந்துக்காகத் தாவினார். அந்தரத்தில் இருந்த அவரை ரெய்டர்ஸின் ஜாக் டேட்டம் தோளால் மோதினார். ஸ்டிங்லியின் கழுத்தெலும்பு இரண்டு இடங்களில் உடைந்தது. 26 வயது. அதன்பின் 2007இல் சாகும்வரை சக்கர நாற்காலி. டேட்டம் செய்தது அன்றைய விதிப்படி குற்றமே அல்ல. நடுவர் கொடி வீசவில்லை. ரெய்டர்ஸின் பயிற்சியாளர் ஜான் மேடன் அன்று மாலையே மருத்துவமனைக்கு ஓடினார், பிறகும் ஸ்டிங்லிக்கு நண்பராக இருந்தார். டேட்டம் மன்னிப்புக் கேட்கவில்லை. விதிப்படி ஆடியதற்கு மன்னிப்பு எதற்கு என்பது அவர் நிலை. தன்னைக் கொலையாளி என்று அழைக்கிறார்கள் என்று தலைப்பு வைத்தே ஒரு புத்தகமும் எழுதினார். இருவரும் கடைசிவரை சமாதானமாகவில்லை.

டேட்டமின் நோக்கம் ஸ்டிங்லியை முடமாக்குவது அல்ல. பயமுறுத்துவது. அடுத்தமுறை இந்தப் பக்கம் பந்து வந்தால் அவர் கை ஒரு கணம் தயங்க வேண்டும். அச்சத்தை ஆயுதமாக்குவது இந்த ஆட்டத்தில் பாதித் திறமை என்று பயிற்சியாளர்கள் வெளிப்படையாகச் சொல்வார்கள். கிரிக்கெட்டிலும் நமக்கு இது புதிதல்ல. 1976இல் கிங்ஸ்டனில் மேற்கிந்தியத் தீவுகளின் வேகப்பந்தில் சிலர் அடிபட, இரண்டாவது இன்னிங்ஸில் காயமுற்றவர்கள் ஐந்து பேர் ஆட வராமல் 97 ரன்னில் முடிந்தது இந்திய அணி. அந்தப் பந்துகளைச் சட்டமீறல் என்று யாரும் தடுக்கவில்லை. கேப்டன் பிஷன் சிங் பேடி பொங்கினார். நடுவர்கள் கைகட்டி நின்றார்கள்.

அச்சமூட்டுவதை ஏற்றுக்கொள்ளலாம், ஒரு நிபந்தனையோடு. எதிராளி அஞ்சுவது என் திறமையை, என் வேகத்தை, என் வலுவை. அவன் அஞ்சாமல் ஆடினாலும் எனக்கு ஆட்டம் மிச்சம் இருக்க வேண்டும். காயம் தேடுபவனுக்கு அப்படி இல்லை. எதிராளி களத்தில் இல்லாமல் போவதே அவன் வெற்றி. தத்துவ அறிஞர் பெர்னார்ட் சூட்ஸ் 1978இல் எழுதிய நூலில், ஆடுவது என்றால் தேவையில்லாத தடைகளை மனமுவந்து ஏற்பது என்று விளக்கினார். கோல் போட எளிய வழிகள் ஆயிரம் இருக்க, கடினமான ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறோம், அதுதான் ஆட்டம். தடைகளில் முதன்மையானது எதிராளியே. அவனை அப்புறப்படுத்தியவன் ஜெயித்ததாகத் தோன்றலாம், ஆடியதாகச் சொல்ல முடியாது. விளையாட்டைத் திறமைக்கான கூட்டுத் தேடலாகப் பார்த்த ராபர்ட் சைமனும் வேறு பாதையில் இதே இடத்துக்கு வந்து சேர்கிறார்.

சூட்ஸ் சொல்வது எனக்கு உவப்பானதுதான். ஆனாலும் அதில் ஒரு ஓட்டை உண்டு. தொழில்முறை ஆட்டக்காரன் மனமுவந்து தடைகளை ஏற்கும் உல்லாசி அல்ல. அவனுக்கு அது பிழைப்பு. பிரெண்டா பிரெடமையர், டேவிட் ஷீல்ட்ஸ் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1980களில் விளையாட்டு வீரர்களை ஆராய்ந்தபோது, வீட்டிலும் தெருவிலும் ஒரு நியாயம், களத்தில் வேறொரு நியாயம் என்று அவர்கள் இயல்பாகப் பிரித்துக்கொள்வதைக் கண்டார்கள். களத்துக்குள் சுயநலம் குற்றமில்லை. பொறுப்பு பயிற்சியாளருக்கும் நடுவருக்கும் உரியது. அணிக்குள் ஒருவன் எதிராளியின் நலனை யோசிப்பதே துரோகமாகப் பார்க்கப்படும். இந்தப் பிரிப்பு ஓரளவுக்கு வேண்டும். இல்லாவிட்டால் பொய்யாக உடலை வளைத்து ஏமாற்றிப் பந்தைக் கடத்துவதுகூட ஒழுக்கக்கேடு ஆகிவிடும். முறிந்த முழங்கால் மட்டும் அந்தப் பிரிப்புக்குள் அடங்காது. ஆட்டம் முடிந்ததும் கோலை விட்டுவிட்டுப் போகலாம். முழங்காலை விட்டுவிட்டுப் போக முடியாது.

போட்டியில் இதெல்லாம் சகஜம் என்பவர்கள் போரை உவமை சொல்வார்கள். போரிலேயே இது சகஜமாக இருந்ததில்லை. மகாபாரதத்தின் கதாயுத்தத்தில் இடுப்புக்குக் கீழே அடிக்கக் கூடாது என்பது விதி. நேர்வழியில் பீமன் வெல்லமாட்டான் என்று கண்ணன் சொல்ல, அர்ஜுனன் தன் தொடையைத் தட்டிக் காட்டுகிறான். பீமன் துரியோதனனின் தொடையை உடைக்கிறான். இருவருக்கும் ஆசானான பலராமன் கலப்பையை ஓங்கிக்கொண்டு எழுகிறான். பாஞ்சாலி சபையில் பட்ட அவமானம், பீமனின் சபதம் என்று அவ்வளவு நியாயத்தையும் தன் பக்கம் குவித்துவைத்த பிறகும், இந்த அடியைக் குற்றம் என்றே அந்தக் காவியம் பதிவுசெய்கிறது. களத்துக்கு வெளியே நின்று தொடையைத் தட்டிக் காட்டியவர் யார் என்பதையும் மறைக்கவில்லை.

அந்தச் சைகைதான் நம்மை மறுபடி நியூ ஆர்லியன்ஸ் அணிக்குக் கொண்டுவருகிறது. 2012 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ 49அர்ஸ் அணியோடு ஆடுவதற்கு முந்தைய இரவு, விடுதி அறையில் தன் ஆட்டக்காரர்களிடம் கிரெக் வில்லியம்ஸ் பேசியதை ஆவணப்பட இயக்குநர் ஷான் பாம்ஃபிலான் ஒலிப்பதிவு செய்திருந்தார். ஏப்ரலில் அதை வெளியிட்டார். அதில் அவர் எதிரணி ஆட்டக்காரர்களைப் பெயர் சொல்லிச் சுட்டினார். ஃபிராங்க் கோரின் தலையைக் குறிவையுங்கள். மைக்கேல் கிராப்ட்ரீயின் முழங்கால் தசைநாரைக் குறிவையுங்கள். கைல் வில்லியம்ஸுக்கு முன்பு மூளையதிர்ச்சி ஏற்பட்டிருக்கிறது, அந்தத் தலையைச் சோதித்துப் பாருங்கள். இதில் அச்சமூட்டல் இல்லை, ஆட்ட நுட்பமும் இல்லை. உடற்கூற்று வகுப்பு.

மறுநாள் செயின்ட்ஸ் தோற்றது. கைல் வில்லியம்ஸ் அடுத்த வாரம் நியூயார்க் ஜெயன்ட்ஸுக்கு எதிராக ஆடியபோது முக்கியமான கட்டத்தில் பந்தைத் தவறவிட்டார், அவர் அணி தோற்றது. அவருடைய மூளையதிர்ச்சி வரலாறு தங்களுக்குத் தெரியும், அதனால் அவரை அடிக்கக் குறிவைத்தோம் என்று ஜெயன்ட்ஸ் ஆட்டக்காரர் இருவர் ஆட்டத்துக்குப் பின் கூசாமல் சொன்னார்கள். விதிமீறிய அடி எதுவும் விழவில்லை என்று லீக் அதை அத்தோடு விட்டது. எதிராளியின் பழைய காயத்தைப் பயன்படுத்துவது தப்பா என்ற கேள்வி இங்கே எழுகிறது. கணுக்கால் வலியோடு ஆடும் பின்கள ஆட்டக்காரரை நோக்கியே திரும்பத் திரும்பப் பந்தை அனுப்பி அவரை ஓடவைப்பது நியாயமான உத்தி; அவர் மெதுவாக ஓடுகிறார், நான் அந்த மெதுவைப் பயன்படுத்துகிறேன். அந்தக் கணுக்காலிலேயே மிதிப்பது வேறு; அங்கே நான் பயன்படுத்துவது அவர் ஆட்டத்தை அல்ல, அவர் வலியை. மூளையதிர்ச்சிக்கு இந்தக் கோடு இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும். இரண்டாவது அடி என்ன செய்யும் என்று மருத்துவருக்கே உறுதியாகத் தெரியாத உறுப்பு அது.

செயின்ட்ஸ் விவகாரத்தில் தண்டனை கடுமையாகத்தான் தொடங்கியது. தலைமைப் பயிற்சியாளர் ஷான் பேட்டனுக்கு 2012 பருவம் முழுவதும் தடை. நடப்பதை அறிந்தும் நிறுத்தாமல் மூடிமறைத்தார் என்பது குற்றச்சாட்டு. மேலாளர் மிக்கி லூமிஸுக்கு எட்டு ஆட்டம். வில்லியம்ஸுக்குக் காலவரையற்ற தடை. அணிக்கு ஐந்து லட்சம் டாலர் அபராதம். ஆட்டக்காரர் நால்வருக்கும் தடை. அவர்களில் ஜோனதன் வில்மாவுக்கு ஒரு பருவம் முழுவதும். மினசோட்டாவின் பிரெட் ஃபாவ்ரை வெளியேற்றினால் 10,000 டாலர் தருவதாக அவர் அறிவித்தார் என்றது லீக். கடைசிவரை மறுத்தார் அவர். ஆட்டக்காரர்கள் மேல்முறையீடு செய்ய, முன்னாள் ஆணையர் பால் டேக்லியபூ 2012 டிசம்பரில் நால்வரின் தடையையும் நீக்கினார். ஏற்பாடு நடந்தது உண்மை, நால்வரில் மூவர் பக்கம் தவறும் உண்டு, ஆனால் பழியின் பெரும்பங்கு பயிற்சியாளர்களுக்கும் அணி நிர்வாகத்துக்கும் உரியது என்பது அவர் தீர்ப்பின் சாரம்.

அந்தத் தீர்ப்பு சரி. சம்பளம், இடம், அடுத்த ஆண்டு ஒப்பந்தம் எல்லாவற்றையும் கையில் வைத்திருப்பவர் ஒரு முழங்காலைச் சுட்டிக்காட்டும்போது, முடியாது என்று சொல்லும் இருபத்திரண்டு வயது ஆட்டக்காரர் எத்தனை பேர் இருப்பார்கள்? அவர் குற்றமற்றவர் என்று சொல்லவில்லை. அடித்த கை அவருடையதுதான். ஆனால் அணிக்குள் அதிகாரம் இருக்கும் அளவுக்கே பழியும் ஏற வேண்டும்.

டேக்லியபூ தொடாத ஒன்று, லீக்கின் பங்கு. 2010 அக்டோபரில் பிட்ஸ்பர்கின் ஜேம்ஸ் ஹாரிசனுக்கு ஓர் ஆபத்தான மோதலுக்காக 75,000 டாலர் அபராதம் போட்ட லீக், அதே மோதலின் புகைப்படத்தைத் தன் இணையக் கடையில் விற்றுக்கொண்டிருந்தது. செய்தி வெளிவந்த பிறகுதான் எடுத்தது. 2002இல் இறந்த முன்னாள் ஆட்டக்காரர் மைக் வெப்ஸ்டரின் மூளையில் மருத்துவர் பென்னட் ஒமாலு கண்ட சிதைவைப் பல ஆண்டுகள் ஏற்க மறுத்ததும் இதே லீக்தான். பிறகு முன்னாள் ஆட்டக்காரர்கள் ஆயிரக்கணக்கில் தொடுத்த வழக்கில் 2013இல் 76.5 கோடி டாலர் இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டது. மண்டையோடு மண்டை மோதும் சத்தத்தைத் தொலைக்காட்சிக்கு விற்றவர்கள், 1,500 டாலர் உறையைப் பார்த்து அதிர்ச்சி அடைந்ததை நான் முழுதாக நம்பவில்லை. அதற்காகச் செயின்ட்ஸ் செய்தது குறைந்த தவறாகிவிடாது.

களத்தின் எல்லையைத் தாண்டி நீதிமன்றம் எப்போது வரலாம் என்பதில் பிரிட்டன் ஓரளவு தெளிவாக இருக்கிறது. எதிராளியைத் தலையால் முட்டிய டங்கன் ஃபெர்கசன் 1995இல் சிறைக்கே போனார். அது பந்துக்குச் சம்பந்தமில்லாத தாக்குதல். பந்துக்கான போட்டியில் நேர்ந்த காயத்துக்கு, மிகக் கொடிய செயலாக இருந்தாலன்றிக் குற்றவியல் சட்டம் தலையிட வேண்டியதில்லை என்று 2004இல் பார்ன்ஸ் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. உரிமையியல் வழக்குகள்தான் பாதிக்கப்பட்டவருக்கு உண்மையில் உதவின. 1996இல் பிரையன் மெக்கார்ட் கால் முறிவுக்காக ஸ்வான்சி அணியை வென்றார். மான்செஸ்டர் யுனைடெட்டின் இளம் ஆட்டக்காரர் பென் காலெட்டுக்கு, இரண்டாம் நிலை அணிக்கான ஓர் ஆட்டத்தில் முறிந்த காலுக்கு 2008இல் 43 லட்சம் பவுண்ட் கிடைத்தது. இவற்றில் நோக்கத்தை நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. கவனக்குறைவே போதுமானதாக இருந்தது.

காயப்பட்டவர் எத்தனை நாள் ஆடாமல் இருக்கிறாரோ அத்தனை நாள் அடித்தவருக்கும் தடை என்ற யோசனை, ஒவ்வொரு கால் முறிவுக்குப் பிறகும் எங்கிருந்தாவது கிளம்பும். காதுக்கு இனிமையான யோசனை, கணக்குக்கு உதவாது. அதன்படி டெய்லர் ஏறக்குறைய ஓராண்டு வெளியே இருந்திருப்பார். கீன் ஒரு நாள்கூட இருந்திருக்க மாட்டார்.

செய்யத்தக்கது வேறு. களத்தில் நடுவர் ஆபத்தை மட்டும் பார்க்கட்டும். ஆட்டம் முடிந்தபின், நோக்கத்துக்குச் சான்று இருக்கும் இடத்தில் தனி விசாரணையும் தனித் தண்டனையும் வேண்டும். அத்தகைய சான்று நினைப்பதைவிட அதிகமாகவே கிடைக்கிறது: ஒரு ஒலிப்பதிவு, ஒரு பணக்கணக்கு, ஒரு புத்தகம். 1986இல் கிரீன் பேயின் சார்லஸ் மார்ட்டின், சிகாகோ ஆட்டக்காரர்களின் சட்டை எண்களை எழுதிய துண்டை இடுப்பில் செருகிக்கொண்டே களமிறங்கி, பந்தை வீசி முடித்திருந்த ஜிம் மெக்மஹனைத் தூக்கித் தரையில் அடித்தார். மெக்மஹனின் பருவம் அதோடு முடிந்தது. மார்ட்டினுக்குக் கிடைத்தது இரண்டு ஆட்டத் தடை. இப்படித் திட்டமிட்டது நிரூபணமானால், ஆட்டக்காரருக்கு ஒரு பருவம், உத்தரவிட்ட பயிற்சியாளருக்கு அந்தத் தொழிலிலிருந்தே விலக்கு, காயப்பட்டவருக்கு அணியின் செலவில் இழப்பீடு என்பதே குறைந்தபட்சமாக இருக்க வேண்டும். அந்தப் பருவத்தில் வென்ற கோப்பையும் கேள்விக்கு உள்ளாக வேண்டும்.

நடந்ததோ இது. கிரெக் வில்லியம்ஸின் காலவரையற்ற தடை 2013 பிப்ரவரியில், ஓராண்டு முடிவதற்குள்ளேயே நீக்கப்பட்டது. அதன்பின் டென்னசி, ராம்ஸ், கிளீவ்லேண்ட், நியூயார்க் ஜெட்ஸ் அணிகள் அவரை வேலைக்கு வைத்தன. ஷான் பேட்டன் 2013 பருவத்தில் அதே அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகத் திரும்பினார். 2010இல் வென்ற சூப்பர் பவுல் கோப்பை இன்றும் நியூ ஆர்லியன்ஸ் அணியிடமே இருக்கிறது.